கார் செட்டில் பாட்டுக்கு ஆடும் வண்ணக் கம்பிகள்: கண்ணை இழுக்கிறதா, இல்லையா?

வாசகர் கேள்வி, 2025 ஜூன் 7

காரில் புதிதாகப் பத்து இஞ்ச் ஆண்ட்ராய்டு செட் போட்டிருக்கிறேன். பாட்டு ஓடும்போது திரையில் தாளத்துக்கு ஏற்ப வண்ணக் கம்பிகள் ஏறி இறங்குகின்றன. பார்க்க அழகாக இருக்கிறது. வீட்டில் அதை அணைக்கச் சொல்கிறார்கள். நான் அதைப் பார்ப்பதே இல்லை, அது பாட்டுக்கு ஓடுகிறது. பார்க்காத ஒன்று எப்படிக் கவனத்தைக் கெடுக்கும்?

ஜூன் 7, இரவு

அணைத்துவிடுங்கள். பாட்டை அல்ல, கம்பிகளை.

"நான் அதைப் பார்ப்பதே இல்லை" என்கிறீர்களே, எனக்கு அங்கேதான் பயம். போன மாதம் திண்டுக்கல்லிலிருந்து கோவில்பட்டிக்கு அண்ணன் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனேன். அவர் காரிலும் இதே மாதிரி செட்தான். திருமங்கலம் தாண்டியதும் சாலை காலியாகிவிட்டது. எனக்கு வேலை ஒன்றும் இல்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாட்டில் தவில் இறங்கும் இடத்தில் கண் ஒரு தடவை கீழே போய்வருகிறது. பாட்டு மாறினால் போகிறது. திரையின் நிறம் நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறினாலும் போகிறது. வண்டி கோடு தாண்டவில்லை, வேகம் குறையவில்லை. ஆனால் கண் போய்வந்தபடியே இருக்கிறது. கயத்தாறு வரை போக வேண்டியிருந்தால்கூட அப்படியேதான் போயிருப்பார்.

டீக்கடையில் நிறுத்தியபோது சொன்னேன். "எங்கடா பார்த்தேன்? ரோட்டைத்தானே பார்த்துட்டு வரேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பார்த்தது அவருக்கே தெரியவில்லை.

ஜூன் 8

நேற்று எழுதியதற்குக் காரணம் கேட்டிருக்கிறார்கள்.

நம் விழித்திரையின் நடுப்பகுதி எழுத்து, முகம், நிறம் ஆகியவற்றை நுணுக்கமாகப் பார்க்கும். ஓரப்பகுதிக்கு அந்தக் கூர்மை கிடையாது. ஆனால் அசைவு என்றால் ஓரம் உடனே பிடித்துக்கொள்ளும். சென்டர் மீடியனில் அரளிச்செடிக்கு நடுவே நாய் ஒன்று தலை நீட்டினால் நாம் திடுக்கிட்டுப் பிரேக்கில் கால் வைக்கிறோமே, அது அந்த ஓரப்பார்வையின் வேலை. நாயா, காற்றில் ஆடும் பாலிதீன் பையா என்று அதற்குத் தெரியாது. "அங்கே ஏதோ அசைகிறது, பார்" என்று மட்டும் சொல்லும். கண் தானாகத் திரும்பும்.

சாலையைப் பார்க்கும்போது டேஷ்போர்டுத் திரை சரியாக அந்த ஓரத்தில்தான் விழுகிறது.

1984-இல் ஸ்டீவன் யான்டிஸ், ஜான் ஜோனிடஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. பார்வைப் புலத்தில் திடீரென்று தோன்றும் ஒரு பொருளுக்குக் கவனம் தானாகப் போய்விடுகிறது என்று அதில் காட்டினார்கள். இந்த வண்ணக் கம்பிகளின் வேலையே திடீர் திடீரென்று தோன்றி மறைவதுதான். பாட்டின் பேஸ், அதாவது அடித்தொனி, ஓங்கி அடிக்கும்போதெல்லாம் ஒரு புதுத் தோற்றம்.

வேகமானி, வரைபடம், ரிவர்ஸ் கேமரா எல்லாமே கண்ணைக் கேட்கின்றன, ஆனால் பதிலுக்கு ஒரு செய்தி தருகின்றன. கம்பிகள் ஏறி இறங்குவதால் ஓட்டுபவருக்குத் தெரியவருவது ஒன்றுமே இல்லை.

ஜூன் 8, மதியம்

"அப்படியானால் பாட்டே கேட்கக் கூடாது என்கிறீர்களா?" இல்லை. பாட்டு காதுக்குப் போகிறது. கண் சாலையிலேயே இருக்கலாம். ராத்திரிப் பயணத்தில் பாட்டு இல்லாமல் என்னால் ஓட்ட முடியாது, நானும் கேட்கிறவன்தான்.

ஜூன் 9

"ஒரு நொடி பார்த்தால் என்ன ஆகிவிடும்?" என்பவருக்கு, கணக்கு மட்டும்.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் போகிறது. இரண்டு நொடியில் 44 மீட்டர், அதாவது வரிசையாக நிற்கும் நான்கு பேருந்து நீளம். 100 கி.மீ. வேகமென்றால் 55 மீட்டர்.

இரண்டு நொடி என்று நான் சும்மா எடுக்கவில்லை. அமெரிக்காவில் விர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் நூறு கார்களில் கேமரா வைத்து, மக்கள் அன்றாடம் ஓட்டுவதை அப்படியே பதிவுசெய்தது. 2006-இல் முடிவு வந்தது. கண் இரண்டு நொடிக்கு மேல் சாலையை விட்டு விலகினால், மோதுவதற்கோ மயிரிழையில் தப்புவதற்கோ உள்ள வாய்ப்பு குறைந்தது இருமடங்கு ஆகிறது. அந்த நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இதே அளவு இருக்கிறது: காரில் உள்ள கருவியை ஒரு தடவை பார்ப்பது இரண்டு நொடிக்குள், ஒரு வேலைக்கு மொத்தமாக 12 நொடிக்குள்.

அதே வழிகாட்டுதலில் இன்னொன்றும் உண்டு. வண்டி ஓடும்போது ஓட்டுதலுக்குத் தொடர்பில்லாத வீடியோவும், தானாக நகர்ந்து ஓடும் எழுத்தும் திரையில் வரக் கூடாது. இரண்டாவதை நம் ஆட்கள் கவனிக்க வேண்டும். பெண்டிரைவில் இருக்கும் பாட்டின் பெயரோடு படத்தின் பெயர், பாடியவர் பெயர், இறக்கிய இணையதளத்தின் பெயர் எல்லாம் ஒட்டிக்கொண்டு ரயில் மாதிரி ஓடும். பாதியில் பார்க்க ஆரம்பித்தால் முழுப்பெயர் வரும்வரை கண் அங்கேயே நிற்கும். கம்பிகளைவிட இது மோசம் என்றுகூட நினைக்கிறேன். கம்பிகளில் படித்து முடிக்க ஒன்றும் இல்லை, ஓடும் எழுத்தில் இருக்கிறது.

ஆனால் அது வழிகாட்டுதல்தான், கட்டாயச் சட்டம் அல்ல. நிறுவனங்கள் தாமாகக் கடைப்பிடிக்க வேண்டியது.

ஜூன் 11

8-ஆம் தேதி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். யான்டிஸும் ஜோனிடஸும் 1990-இல் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். ஒருவர் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று முன்பே தெரிந்து, கவனத்தை அங்கே குவித்துவிட்டால், வேறு இடத்தில் திடீரென்று தோன்றும் பொருள் அவரை இழுப்பதில்லை என்றார்கள்.

இதை வைத்து ஒருவர், "கவனமாக ஓட்டுபவனுக்கு ஆபத்தில்லை என்றுதானே அர்த்தம்?" என்று கேட்கலாம். இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு இது நேர்மாறாகப் படுகிறது. மதுரை மாட்டுத்தாவணி சிக்னலில், நாலாபக்கமும் ஆட்டோவும் பைக்கும் நெருக்கும்போது, மனம் முழுக்கச் சாலையில்தான் இருக்கும். கம்பிகள் என்ன ஆட்டம் ஆடினாலும் யாரும் பார்க்க மாட்டார்கள். நான்குவழிச் சாலையில் முன்னால் ஒரு வண்டியும் இல்லாதபோதுதான் குவிப்பு தளரும். திரை அப்போதுதான் ஜெயிக்கிறது. அண்ணன் கண் திரைக்குப் போய்வர ஆரம்பித்தது மதுரை நெரிசலில் அல்ல, திருமங்கலம் தாண்டி. விளக்கு இல்லாத கரும்பு டிராக்டரும், எதிர்த்திசையில் வரும் டி.வி.எஸ். எக்ஸெல்லும் வருவது அந்த மாதிரிக் காலிச் சாலையில்தான்.

ஜூன் 14

செட் மாட்டும் கடையில் நடப்பதை எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். நண்பர் காருக்குச் செட் மாட்டும்போது நானும் கூட நின்றேன். மதுரையில் ஒரு கடை, பெயர் வேண்டாம்.

பையன் பிளாஸ்டிக் பட்டையால் டேஷ்போர்டு பேனலை நெம்பி எடுத்தான். பழைய செட்டை உருவியதும் பின்னால் ஒயர் கொத்து தொங்கியது. மஞ்சள் பேட்டரிக்கு, சிவப்பு சாவிக்கு, கறுப்பு எர்த்துக்கு. மளமளவென்று முறுக்கி டேப் சுற்றினான். கடைசியில் இரண்டு ஒயர் மிச்சம். ஒன்று ஆரஞ்சு. அதன் நுனியில் டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டான். இன்னொன்று ஹேண்ட்பிரேக்குக்குப் போக வேண்டியது. அதைக் கறுப்போடு சேர்த்து முறுக்கினான்.

"அது ஹேண்ட்பிரேக் ஒயர்தானே தம்பி?" என்றேன். "ஆமா சார், அதைக் குடுத்தா வண்டி ஓடும்போது வீடியோ வராது. கஸ்டமர் ரெண்டே நாள்ல திரும்பி வந்து சண்டை போடுவாங்க" என்றான்.

அந்த ஒயர் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டால் அதன் சுவிட்ச் எர்த் ஆகும். செட் அதைப் பார்த்து "வண்டி நிற்கிறது" என்று புரிந்துகொண்டு வீடியோவை அனுமதிக்கும். ஒயரை நேரடியாக எர்த்தில் கொடுத்துவிட்டால், நூறு கி.மீ. வேகத்திலும் ஹேண்ட்பிரேக் போட்டு நிற்பதாகவே செட் நினைத்துக்கொண்டிருக்கும். செட் செய்தவர் வைத்த ஒரே பூட்டு, மாட்டும்போதே உடைக்கப்படுகிறது. சில ஆண்ட்ராய்டு செட்டில் ஒயருக்குப் பதில், ஓட்டும்போது வீடியோவைத் தடுக்கும் தேர்வு ஒன்று அமைப்புகளில் இருக்கும். அதைக் கடையிலேயே அணைத்துத்தான் சாவியைத் தருகிறார்கள்.

பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. சண்டைக்குப் போவது நாம்தான்.

ஆரஞ்சு ஒயர் இதைவிட முக்கியம், ஆனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஹெட்லைட் போட்டதும் திரையின் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும் ஒயர் அது. இணைக்காவிட்டால் பகல் வெளிச்சத்துக்கு வைத்த திரை அமாவாசை ராத்திரியிலும் அப்படியே எரியும்.

ஜூன் 15

"சட்டத்தில் தடை இருக்கிறதா?"

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் 2019 திருத்தத்தின்போது, ஓட்டிக்கொண்டே கையில் பிடித்த தகவல்தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதலாகச் சேர்க்கப்பட்டது. வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத விதத்தில் பயன்படுத்தலாம் என்று 2020-இல் விதியில் சேர்த்தார்கள். இரண்டுமே கையிலிருக்கும் போனை மனதில் வைத்து எழுதியவை. டேஷ்போர்டில் பதித்த பத்து இஞ்ச் திரை கையில் இல்லை.

பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டு வாகன விதிகளின் 109-ஆம் விதி வேறு வழியில் போகிறது. ஓட்டுபவர் கண்ணில் படும் திரையில் என்னென்ன வரலாம் என்று அது சொல்கிறது: வண்டியின் நிலை, வண்டி இருக்கும் இடமும் சாலையும், வண்டியை ஒட்டிய சாலையைப் பார்க்க உதவுவது, போய்ச்சேர உதவுவது. மற்றது எதுவும் வரக் கூடாது. நேராகத் தெரிந்தாலும் சரி, பிரதிபலிப்பாகத் தெரிந்தாலும் சரி. கருவி எது என்று பார்க்காமல் கண்ணில் என்ன விழுகிறது என்று பார்க்கும் விதி. நமக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பெரிய நிறுவனமானாலும் கேட்டால் நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். டெஸ்லா காரின் நடுத்திரையில் வண்டி ஓடும்போதே கேம் விளையாட முடிந்தது. 2021 டிசம்பரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு சுமார் 5,80,000 கார்கள் குறித்து விசாரணை தொடங்கியதும், அந்த மாதமே நிறுவனம் அதைப் பூட்ட ஒப்புக்கொண்டது. ஒரு மென்பொருள் புதுப்பிப்பில் முடிந்த வேலை.

ஜூன் 21

பெரியவர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் காலத்துப் பயனியர் செட்டில் டால்பின் குதிக்கும். யார் மோதிச் செத்தார்கள்?"

டால்பின் எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. சித்தப்பா மாருதி எஸ்டீமில் அதைப் பார்க்கவே முன்சீட்டுக்குச் சண்டை போடுவேன். கறுப்புத் திரையில் நீலக் கடல், இரண்டு டால்பின் வளைந்து பாயும். இன்று போனிலும் டிவியிலும் இருக்கும் ஓஎல்இடி வகைத் திரையை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது பயனியர்தான், 1997-இல், கார் ஸ்டீரியோவில். அந்த அழகை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன்.

ஆனால் அந்தச் செட்டின் முகப்பு மொத்தமே 18 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம். திரை அதில் ஒரு பகுதி. அது கியர் பக்கத்தில், பார்வைக்கு நன்றாகக் கீழே இருந்தது. இன்றைய திரை டேஷ்போர்டின் உச்சியில், கண்ணாடிக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. சாலையிலிருந்து கண்ணை அதிகம் இறக்க வேண்டாம் என்பதற்காக மேலே ஏற்றினார்கள், வரைபடத்துக்கு அது சரியான ஏற்பாடு. அதே இடத்தில் கம்பிகள் ஆடினால் ஓரப்பார்வைக்கு இன்னும் கிட்டத்தில் ஆடுகின்றன.

யார் செத்தார்கள் என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

ஜூன் 22

நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. கிட்டப் பார்த்துவிட்டுத் தூரம் பார்க்கும்போது கண்ணின் குவியம் மாற முன்பைவிட நேரம் எடுக்கும். நீங்கள் திரையைப் பார்த்த நேரம் மட்டும் கணக்கில்லை, சாலை மறுபடி தெளிவாகும் நேரமும் சேரும்.

ஜூன் 28

"ஆய்வுக்கூடத்தில் புள்ளி தோன்றுவது வேறு, சாலை வேறு" என்ற மறுப்பு நியாயமானது. சாலையிலேயே செய்த ஒன்றைச் சொல்கிறேன். ஸ்டாக்ஹோம் அருகே ஈ4 நெடுஞ்சாலையில் மின்னணு விளம்பரப் பலகைகள் வைத்தார்கள். ஓட்டுநர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். 2013-இல் வந்த அந்த ஆய்வின்படி, மற்ற பலகைகளைவிட மின்னணுப் பலகையைக் கூடுதல் தடவையும் கூடுதல் நேரமும் பார்த்தார்கள். விளம்பரம் பார்க்கலாம் என்று யாரும் வண்டி எடுப்பதில்லை. இருந்தும் கண் போனது. அந்தப் பலகை கடந்துபோய்விடும். செட்டின் திரை கூடவே வரும்.

ஜூலை 2

நேற்று ராத்திரி அண்ணன் காரை நானே ஓட்டினேன், கம்பிகளை வேண்டுமென்றே ஓடவிட்டு. பக்கத்தில் அண்ணன் விழிப்பாக உட்கார்ந்திருந்தார், வேகமும் குறைவுதான்.

திரையைப் பார்க்காமல் இருக்க முடிந்தது. உறுதியாக இருந்தால் முடிகிறது. ஆனால் நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து தொந்தரவு வந்தது. என் வலப்பக்கக் கதவுக் கண்ணாடியில் திரையின் பிம்பம் விழுகிறது. ராத்திரியில் வெளியே இருட்டு, அதனால் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது. அந்தப் பிம்பம் விழும் இடம் சைடு மிரருக்கு நேர் மேலே. பேஸ் அடிக்கும்போதெல்லாம் அங்கே ஒரு வெள்ளை வெளிச்சம் மின்னி மறைகிறது. பின்னால் வரும் வண்டி ஓவர்டேக் செய்ய ஹெட்லைட்டை டிம் அடித்துக் காட்டுவது போலவே. நான் இரண்டு முறை இடப்பக்கம் ஒதுங்கினேன். பின்னால் யாரும் இல்லை. மூன்றாவது முறை "இது செட்தான்" என்று விட்டுவிட்டேன். அண்ணன் திரும்பிப் பார்த்து, "டேய், லாரி வருது" என்றார். அது நிஜ லாரி, நிஜமாகவே டிம் அடித்துக்கொண்டிருந்தது.

பிரிட்டன் விதியில் "பிரதிபலிப்பாகத் தெரிந்தாலும்" என்று எழுதிவைத்தவர் ராத்திரி வண்டி ஓட்டியவராகத்தான் இருக்க வேண்டும்.

பொய்ச் சைகையைப் பார்த்துப் பழகினால் நிஜச் சைகையையும் கண் நம்பாமல் போகும். கவனம் சிதறுவதைவிட இது எனக்குப் பெரிய ஆபத்தாகத் தோன்றுகிறது. அண்ணன் அங்கேயே ஓரம் கட்டச்சொல்லி, கம்பிகளை அணைத்தார். நான் கேட்கவில்லை.

ஜூலை 5

பிள்ளைகள் கேட்கிறார்களே என்று ஓர் அம்மா எழுதியிருக்கிறார். என் அக்கா மகனும் "மாமா, கலர் போடுங்க" என்றுதான் காரில் ஏறுவான். பின்சீட்டில் ஒரு டேப்லெட்டில் அவனுக்குப் போட்டுக் கொடுத்தேன், முன்சீட்டின் முதுகில் மாட்டி, என் பக்கம் தெரியாமல். அவனுக்கு அது போதும். கூடவே, பாட்டுக்கு நிறம் மாறும் மூட் லைட் பட்டையைக் கதவில் ஒட்டியிருப்பவர்கள் அதையும் ஒரே நிறத்தில் நிறுத்திவையுங்கள். திரைக்குச் சொன்னது அத்தனையும் அதற்கும் பொருந்தும்.

ஜூலை 12

டால்பின் கேள்விக்கு வருகிறேன்.

2022-இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள், 1,68,491 மரணங்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம், 64,105. மரணங்களில் பத்துக்கு ஏழு அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. போன் பயன்படுத்தியது என்று தனிக் கணக்கு உண்டு. வண்டியின் சொந்தத் திரையைப் பார்த்தது என்று ஒரு கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத காரணம் அறிக்கையில் எப்படி வரும்? ஓட்டியவர் பிழைத்தாலும் "திரையைப் பார்த்தேன்" என்று சொல்லப்போவதில்லை. அண்ணன் மாதிரி, அவருக்கே தெரிந்திருக்காது. ஆகவே "யாரும் சாகவில்லை" என்று பெரியவரும் சொல்ல முடியாது, "இத்தனை பேர் செத்தார்கள்" என்று நானும் சொல்ல முடியாது. சென்னை ஐஐடி உருவாக்கிய விபத்துத் தரவுத்தளத்தில் இப்போது காவலர்கள் சம்பவ இடத்திலிருந்தே விவரம் பதிகிறார்கள். அதில் செட் திரைக்கு ஒரு கேள்வி சேர்த்தால் அடுத்த தலைமுறையாவது இந்த வாக்குவாதத்தை எண்ணிக்கையோடு செய்யும்.

ஜூலை 19

ஆரஞ்சு ஒயர் பற்றிக் கேட்டவர்களுக்கு. நிறம் செட்டுக்குச் செட் மாறலாம், ஆனால் பெரும்பாலும் ஆரஞ்சுதான், ஒயர் மேல் அல்லது விளக்கப்படத்தில் ஐஎல்எல் (ILL) என்று எழுதியிருக்கும். பார்க் லைட் போட்டால் 12 வோல்ட் வரும் லைனில் அதைக் கொடுக்க வேண்டும். "லைட் போட்டா டிம் ஆகணும்" என்று சொன்னாலே கடைக்காரருக்குப் புரியும். அப்புறம் ஹேண்ட்பிரேக் ஒயரை எர்த்திலிருந்து பிரித்து அதன் சுவிட்சிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். கம்பிகளை நிறுத்த ஒயர் வேலை தேவையில்லை: பாட்டு ஓடும்போது கடிகாரப் பக்கத்தையோ வரைபடத்தையோ முன்னால் வைத்துவிடலாம், சில செட்டில் பவர் பட்டனைத் தட்டினால் திரை மட்டும் அணைந்து பாட்டு தொடரும். பழைய செட் என்றால் பேனலைக் கழற்றும்போது பக்கத்துக் கிளிப் உடையும், புதுக் கிளிப் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள்.